முதலில் மீட்டரைப் பாருங்கள்: வீட்டுச் சோலார் பற்றி எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள செய்தியாளர்களே, பத்திரிகை எழுத்தாளர்களே, காணொளி தயாரிப்பவர்களே,



2024 பிப்ரவரியில் ‘பிரதம மந்திரி சூர்ய கர்’ இலவச மின்சாரத் திட்டம் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து மொட்டைமாடிச் சோலார் தமிழ் ஊடகங்களின் அன்றாடச் செய்தியாகிவிட்டது. 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு, ஒரு கோடி வீடுகள் இலக்கு, மாதம் 300 யூனிட் வரை இலவசம் என்ற அறிவிப்பு. ஆர்வம் எழாமல் இருக்குமா? 2025 மார்ச்சுக்குள் நாடு முழுவதும் 10 லட்சம் வீடுகளில் பேனல்கள் ஏறிவிட்டன. ‘இனி கரன்ட் பில்லே கிடையாது’, ‘பில் பூஜ்யம், லாபம் லட்சம்’ என்ற பாணியில் தலைப்புகளும் வந்துகொண்டே இருக்கின்றன.

இந்தத் தலைப்புகளைப் படித்துவிட்டுத்தான் ஓய்வுபெற்ற ஆசிரியர் வைப்புநிதியை உடைக்கிறார். இளம் தம்பதி வங்கிக் கடனுக்கு விண்ணப்பிக்கிறார்கள். அவர்களுக்கு மின்பொறியியல் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உங்களுக்குத் தெரியும் என்று நம்பிப் படிக்கிறார்கள். அந்த நம்பிக்கையின் பேரில்தான் இந்த மடல். முதல் கோரிக்கை இது. வீட்டுச் சோலார் பற்றிய ஒவ்வொரு கட்டுரையும் அந்த வீட்டின் மீட்டரில் தொடங்கட்டும். பேனல், மானியம், வெயில் எல்லாம் அதற்குப் பிறகு வரலாம்.

மானியக் கணக்கு நேரானது. முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000. ஆக அதிகபட்சம் 78,000. மூன்றுக்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் அதே தொகைதான். பணம் முன்கூட்டிக் கைக்கு வராது. பேனல் பொருத்தி, நெட் மீட்டர் (தெருக் கம்பிக்குக் கொடுத்த யூனிட்டையும் அதிலிருந்து வாங்கிய யூனிட்டையும் கழித்துக் காட்டும் மீட்டர்) மாட்டி, சோதனை முடிந்த பிறகே பயனாளியின் வங்கிக் கணக்குக்கு வரும். பேனல்கள் இந்தியாவில் தயாரானவையாக இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. இந்த விவரங்கள் பெரும்பாலும் சரியாகவே எழுதப்படுகின்றன. எழுதப்படாமல் விடுபடுவது, இந்தச் செலவு யாருக்குத் திரும்பி வரும், யாருக்கு வராது என்ற பகுதி.

தமிழ்நாட்டின் மின்கட்டண அமைப்பு பிற மாநிலங்களிலிருந்து மாறுபட்டது. ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. எல்லா வீடுகளுக்கும் முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த படிகள் மெல்ல ஏறி, பிறகு திடீரென்று உயர்கின்றன. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 200 யூனிட்டுக்கு 225 ரூபாய். 500 யூனிட்டுக்கு 1,725. 600 யூனிட்டுக்கு 2,750. 1,000 யூனிட்டுக்கு 6,550. கவனியுங்கள்: 500-லிருந்து 600-க்குப் போகும் அந்த நூறு யூனிட்டின் விலை மட்டும் 1,025 ரூபாய். 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குத் தரப்படும் சலுகை விலை பறிபோவதும் இதில் அடக்கம். 2024 ஜூலையில் கட்டணம் 4.83 சதவீதம் உயர்ந்தது. ஆகவே அதன் பிறகான தொகைகள் இவற்றைவிடச் சற்று அதிகம். அந்த உயர்வில் படிகளின் வடிவம் மாறவில்லை.

இப்போது இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க 2022 கட்டணமே போதும். நம் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் தரும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று கிலோவாட் என்றால் இரண்டு மாதத்தில் சுமார் 720 யூனிட். செலவு ஏறக்குறைய இரண்டு லட்சம். மானியம் போகக் கையிலிருந்து 1,20,000 ரூபாய் அளவில்.

முதல் வீட்டில் இரண்டு ஏசி, ஒரு வாட்டர் ஹீட்டர், பெரிய ஃபிரிட்ஜ். இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் ஓடுகிறது, பில் 6,550 ரூபாய். மாடியில் 720 யூனிட் விளைந்தால் நிகரமாக மீதி 280 யூனிட். அதற்கான பில் 585 ரூபாய். ஆண்டுக்கு 35,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். போட்ட பணம் நான்கு ஆண்டுக்குள் திரும்புகிறது. இதைவிட நல்ல முதலீடு நடுத்தரக் குடும்பத்துக்கு எளிதில் அமையாது.

இரண்டாவது வீட்டில் மூன்று மின்விசிறி, ஒரு டிவி, ஒரு சிறிய ஃபிரிட்ஜ். 300 யூனிட். பில் 675 ரூபாய். அதே மூன்று கிலோவாட்டை இவர்கள் மாடியிலும் ஏற்றினால் பில் பூஜ்யம்தான்; தலைப்பில் பொய் இல்லை. ஆனால் ஆண்டு மிச்சம் 4,050 ரூபாய். மிஞ்சும் யூனிட்டுகளைக் கணக்கில் எடுக்காவிட்டால், 1,20,000 திரும்பி வர முப்பது ஆண்டு ஆகும். பேனலின் உற்பத்திக்குத் தரப்படும் உத்தரவாதமே பொதுவாக 25 ஆண்டுதான். இவர்களுக்கு ஒரு கிலோவாட்டே போதும். அப்போதும் பத்தாண்டு காத்திருக்க வேண்டும். அந்த வீட்டுக்காரரிடம் ‘மூணு கிலோவாட்டுக்குத்தான் முழு மானியம்’ என்று விற்பனையாளர் சொல்லும்போது, எதிர்க்கேள்வி கேட்கும் தெம்பை உங்கள் கட்டுரை அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

மாடிச் சோலார் அமைப்புகளுக்கென மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வகுத்துள்ள வலையமைப்புக் கட்டணம் போன்றவையும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். அவை ஆணைக்கு ஆணை மாறும். எழுதும் நாளில் நடப்பிலுள்ள விகிதத்தைக் கேட்டு, தேதியுடன் எழுதுங்கள். பழைய கட்டுரையிலிருந்து எடுத்த எண் வாசகரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும்.

இன்னொரு வீடும் இருக்கிறது. சோலார் செய்திகளில் அது தலைகாட்டுவதே இல்லை. 600 யூனிட் ஓடும் வீடு, பில் 2,750 ரூபாய். ஐந்து பழைய மின்விசிறிகள் நாளுக்குப் பன்னிரண்டு மணிநேரம் சுழல்கின்றன. பழைய விசிறி ஒன்று 75 வாட் இழுக்கும்; பிஎல்டிசி எனப்படும் சிக்கன விசிறி அதே காற்றை 30 வாட்டில் தந்துவிடும். ஐந்தையும் மாற்றினால் நாளுக்கு 2.7 யூனிட், இரண்டு மாதத்தில் 162 யூனிட் குறையும். மீட்டர் 438-இல் நிற்கும். பில் ஏறக்குறைய 1,350 ரூபாயாக, அதாவது பாதியாகச் சரியும். விசிறி ஒன்றுக்கு 3,000 ரூபாய் என்றாலும் மொத்தம் 15,000. இரண்டு ஆண்டுக்குள் அது திரும்பிவிடும். மாடியில் ஓர் ஆணி கூட அடிக்க வேண்டியதில்லை. 2023 ஜனவரி முதல் மின்விசிறிகளுக்கும் நட்சத்திர முத்திரை கட்டாயம். 2020 முதல் அறை ஏசிகள் 24 டிகிரியைத் தொடக்க அளவாகக் கொண்டு வருகின்றன. வீட்டு மின்சாரத்தைப் பற்றி எழுத வருபவர் சிக்கனத்தை முதலிலும் உற்பத்தியை அடுத்தும் வைத்தால், வாசகர் சிறிய அமைப்பே போதும் என்று கண்டுகொள்வார்.

வெயிலைப் பற்றியும் சற்று நிதானமாக எழுதலாம். ‘அக்னி நட்சத்திரத்தில் சோலார் சக்கைப்போடு போடும்’ என்பது பரவலான எண்ணம். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு ஆகாது. பேனலில் அச்சடித்திருக்கும் வாட் அளவு 25 டிகிரியில் சோதனைக்கூடத்தில் எடுக்கப்பட்டது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். மே மாத நண்பகலில் பேனலின் சூடு 60 டிகிரியைத் தொடும்போது பத்து சதவீதத்துக்கு மேல் அங்கேயே போய்விடுகிறது. பேனலுக்கு அடியில் காற்று ஓட இடம் விட்டுப் பொருத்துவதன் காரணம் இதுதான். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மூடியிருக்கும் நாட்களில் உற்பத்தி இன்னும் கீழே போகும். நாளுக்கு 4 யூனிட் என்பது ஆண்டுச் சராசரி. அதைச் சொல்லாமல் விட்டால், நவம்பர் பில்லைப் பார்த்த குடும்பம் தாங்கள் ஏமாற்றப்பட்டதாகவே நினைக்கும்.

நிழல் அடுத்த எதிரி. தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டின் புதிய மாடி, தென்னை மட்டை எதுவானாலும் வரிசையாக இணைத்த பேனல்களில் ஒன்றின் மீது விழும் நிழல் மற்றவற்றின் உற்பத்தியையும் பாதிக்கக்கூடும். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலற்ற இடம் வேண்டும். மொட்டைமாடி நம் வீடுகளில் வெறும் கூரை கிடையாது. வடகம் காய்கிற இடம், துணி உலர்த்துகிற இடம், கோடை இரவில் படுக்கிற இடம். அந்தப் புழக்கத்தை விட்டுக்கொடுக்க விரும்பாதவர்கள் உயரமான இரும்புச் சட்டத்தில் பேனலை ஏற்றுகிறார்கள். செலவும் ஏறுகிறது, காற்றின் பிடியும் ஏறுகிறது. கடலோரத்தில் உப்புக்காற்று சட்டத்தை அரிக்கும் என்பதால் துத்தநாகப் பூச்சின் தரம் முக்கியமாகிறது. உப்புத் தன்மையுள்ள போர்வெல் தண்ணீரில் பேனலைக் கழுவினால் வெள்ளைப் படலம் படிந்து, கழுவியதன் பயனே இல்லாமல் போகிறது. வாசகர் இவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டியது பணம் கட்டுவதற்கு முன்பு.

எல்லாவற்றையும்விட அவசரமாக எழுதப்பட வேண்டிய ஒன்று உண்டு. மானியத் திட்டத்தில் வீடுகளில் பொருத்தப்படும் அமைப்புகளில் பெரும்பாலானவை மின்கட்டமைப்போடு இணைந்தவை. தெருவில் கரன்ட் போனால் உச்சி வெயிலிலும் அவை நின்றுவிடும். அது பழுதில்லை, பாதுகாப்பு ஏற்பாடு. கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் மின்வாரியத் தொழிலாளியின் மீது உங்கள் மாடியின் மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக இன்வெர்ட்டர் தானாகவே அணைகிறது. கரன்ட் இல்லாதபோதும் விளக்கு எரிய வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் அமைப்பு வேண்டும். அதன் விலை வேறு. மத்தியத் திட்டத்தில் பேட்டரிக்கெனத் தனி மானியமும் இல்லை.

புயல் நாட்டில் வாழ்கிறவர்களுக்கு இது சிறு தகவல் அல்ல. 2018 நவம்பரில் கஜா புயல் காவிரி டெல்டாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தபோதும் மின்சாரம் நாட்கணக்கில் வரவில்லை. அத்தகைய நாட்களில் கைகொடுக்கும் என்று நினைத்துப் பேனல் போட்டவருக்கு, அது கைகொடுக்காது என்று முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டியவர்களில் நீங்களும் அடக்கம்.

இரவையும் மறந்துவிட வேண்டாம். பகலில் வீட்டில் ஆளில்லாதபோது விளைந்த யூனிட்டுகள் தெருக் கம்பிக்குப் போகின்றன. இரவில் ஏசி ஓடும்போது அதே கம்பியிலிருந்து திரும்ப வாங்குகிறோம். நெட் மீட்டர் இரண்டையும் கழித்துக் காட்டுகிறது. வீட்டுக்கு இது கழித்தல் கணக்கு. மின்வாரியத்துக்கோ பகலில் வேண்டாதபோது வரும் மின்சாரமும், மாலையில் சூரியன் இறங்கியதும் ஒரேயடியாக எகிறும் தேவையும் இரண்டு தனிப் பிரச்சினைகள்.  கோடை இரவின் தேவையை மாடிப் பேனல் தீர்க்காது. பேட்டரியும் நீரேற்று மின்நிலையங்களும் காற்றாலையும் சேர்ந்துதான் தீர்க்க வேண்டும். குஜராத்தின் மொதேரா கிராமம் 2022 அக்டோபரில் இரவும் பகலும் சூரிய மின்சாரத்தில் இயங்கும் ஊராக அறிவிக்கப்பட்டது. அங்கே வீட்டுக் கூரைகளின் பேனல்களோடு தரையில் ஒரு சூரிய மின்நிலையமும் பெரிய பேட்டரித் தொகுதியும் இருக்கின்றன. புகைப்படத்தில் கூரை மட்டும் வந்தால் கதை பாதியோடு நின்றுவிடும்.

யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருந்து எழுதுகிற நண்பர்களுக்கு இதை நீட்டிச் சொல்லத் தேவையில்லை. 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் இலங்கை முழுவதும் மின்சாரம் அற்றுப்போனது. பாணந்துறை துணைமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததே காரணம் என்று அமைச்சர் சொன்னார். உலகமே குரங்கைப் பற்றிப் பேசியது. தேவை குறைந்த ஞாயிற்றுக்கிழமையில் கூரைச் சூரிய மின்சாரம் மிகுந்தும், சுழலும் பெரிய மின்னாக்கிகளின் பங்கு குறைந்தும் இருந்த கட்டமைப்பால் அந்த அதிர்வைத் தாங்க முடியவில்லை என்பதே பொறியாளர்கள் சொன்ன விளக்கம். இரண்டு மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகலில் கூரைச் சோலாரை அணைத்து வைக்கும்படி இலங்கை மின்சார சபை வீட்டாரைக் கேட்டுக்கொண்டது. சோலார் வேண்டாம் என்பதல்ல இதன் பாடம். வீட்டுக் கூரை வளரும் வேகத்துக்குக் கம்பியும் பேட்டரியும் வளர்கின்றனவா என்று அரசைக் கேட்கிறவர்கள் வேண்டும். அந்தக் கேள்வியைத் தொடர்ந்து கேட்கக்கூடியவர்கள் நீங்கள்தான்.

சொந்தக் கூரை இல்லாதவர்களைப் பற்றியும் எழுதுங்கள். வாடகை வீட்டில் இருப்பவருக்கு மாடி சொந்தமில்லை. அடுக்குமாடியில் மாடி எல்லோருக்கும் பொது. அதனாலேயே பல இடங்களில் யாருக்கும் இல்லாமல் போகிறது. லிப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு போன்ற பொது வசதிகளுக்காகக் குடியிருப்போர் சங்கங்களுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் வீதம் மானியம் இருப்பது பல சங்கச் செயலாளர்களுக்குத் தெரியவில்லை. பொதுப் பயன்பாட்டு இணைப்புக்கு 100 யூனிட் இலவசமும் கிடையாது; ஆகவே அங்கே மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் முழு விலைக்கு மிச்சம். பத்து வீடுகள் சேர்ந்து போடும் சோலார் தனி வீட்டுச் சோலாரைவிட நல்ல செய்தி. எந்தச் சங்கம் எப்படிச் சம்மதம் வாங்கியது, மின்வாரியம் எத்தனை நாளில் மீட்டர் தந்தது, செலவை எப்படிப் பகிர்ந்தார்கள் என்று ஒரே ஒரு குடியிருப்பைப் பற்றி முழுமையாக எழுதினால் நூறு குடியிருப்புகள் அதைப் பின்பற்றும்.

இன்னொரு கடினமான கேள்வி: அதிக யூனிட் ஓட்டி அதிக விலை கட்டும் வீடுகள் சோலாருக்கு மாறும்போது, குறைந்த யூனிட் வீடுகளின் சலுகையைத் தாங்குவது யார்? இதற்கு விடை உண்டு, ஆனால் அது கொள்கை முடிவு. பொதுவெளியில் விவாதிக்கப்படாமல் கோப்பிலேயே முடிந்துவிடக் கூடாது.

பொருத்திய நாளோடு கதையை முடித்துவிடாதீர்கள் என்பது அடுத்த வேண்டுகோள். மாலை போட்டுப் பேனலுக்குக் குங்குமம் வைக்கும் படம் எல்லோரிடமும் இருக்கிறது. அதே வீட்டுக்கு மூன்றாம் ஆண்டில் யார் போகிறார்கள்? மத்தியத் திட்டத்தின்படி பொருத்திய நிறுவனம் ஐந்தாண்டு பராமரிப்புத் தர வேண்டும். அது நடக்கிறதா? இன்வெர்ட்டரின் உத்தரவாதம் பேனலின் உத்தரவாதத்தைவிடப் பல ஆண்டு குறைவு; மாற்றும் செலவை வீட்டார் எடுத்து வைத்திருக்கிறார்களா? 2011-12-இல் தமிழக அரசு தொடங்கிய சூரியசக்தி பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீடுகள் கட்டித் தரப்பட்டன. ஒவ்வொன்றிலும் சூரிய மின்சாரத்தில் எரியும் ஐந்து விளக்குகள் பொருத்தப்பட்டன. ஆண்டுக்கு 60,000 வீடுகள் என்று இலக்கு. அந்த வீடுகளில் இன்று எத்தனை விளக்குகள் சூரியனால் எரிகின்றன என்று ஒரு மாவட்டத்திலாவது நடந்து எண்ணி எழுதினால், இன்றைய திட்டத்துக்கு அதைவிடப் பயனுள்ள எச்சரிக்கையோ நற்சான்றோ வேறு கிடைக்காது. 2012-இல் மாநிலம் வெளியிட்ட சூரிய மின்கொள்கை 2015-க்குள் 3,000 மெகாவாட் என்றது. 2019 கொள்கை 2023-க்குள் 9,000 மெகாவாட், அதில் 40 சதவீதம் நுகர்வோர் தரப்பிலிருந்து என்றது. இலக்கு அறிவிக்கப்பட்ட நாளில் வந்த செய்திக்கு நிகராக, கெடு முடிந்த நாளிலும் செய்தி வர வேண்டும்.

விளம்பரத்தை விளம்பரம் என்று சொல்லுங்கள். நிறுவனம் பணம் தந்து எடுக்கப்பட்ட காணொளியில் அதை முதல் நிமிடத்திலேயே சொல்வது பார்ப்பவருக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை. பேனலின் பெயரைச் சொன்னால் அதன் உத்தரவாதம் எத்தனை ஆண்டு, யார் தருகிறார், நிறுவனம் மூடிப்போனால் யாரைக் கேட்பது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இத்தனையும் சொன்னது சோலாரின் மீதுள்ள நம்பிக்கையால்தான். அதிக மின்சாரம் செலவழிக்கும் வீட்டுக்கு அது நான்கு ஆண்டில் பணத்தைத் திருப்பித் தருகிறது; நிலக்கரியின் தேவையைக் குறைக்கிறது; ஒருமுறை சரியாகப் பொருத்தினால் கால் நூற்றாண்டு உழைக்கிறது. மிகைப்படுத்திச் சொல்ல வேண்டிய தேவையே அதற்கு இல்லை. ஏமாந்த ஒரு குடும்பம் தன் தெருவில் பத்துக் குடும்பங்களைப் பின்வாங்க வைக்கும்.

ஆகவே, அடுத்த கட்டுரைக்காக நீங்கள் ஒரு வீட்டுப் படியேறும்போது மாடிக்குப் போகுமுன் கடைசி ஆறு பில்களைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை யூனிட், எந்தப் படி, எத்தனை கிலோவாட், கையிலிருந்து போன பணம் எவ்வளவு, எந்த ஆண்டில் திரும்பும், கரன்ட் போனால் என்ன ஆகும் என்ற ஆறு விடைகளும் கட்டுரையில் இருக்கட்டும். அவை இல்லாத சோலார் கட்டுரையை ஆசிரியர் குழுக்கள் திருப்பி அனுப்பட்டும்.

அன்புடன்,
உங்கள் வாசகர்